கயிற்றின் மேல்முனையைப் பாருங்கள்

சுபாஷ் பிழைத்துவிடுகிறார். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்க்க உட்காரும் குடும்பத்துக்கு இதை முதலே சொல்லிவிடலாம். படத்துக்கு ஒரு குறையும் வராது. 2006-இல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் ஒருவரான சுபாஷ் குணா குகையின் குழிக்குள் விழுந்தார். சிஜு டேவிட் என்ற நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். 2008-இல் இந்திய அரசு சிஜுவுக்கு ஜீவன் ரக்ஷா பதக் விருது கொடுத்தது. இவ்வளவும் ஊரறிந்த செய்தி. சிதம்பரம் இயக்கி 2024 பெப்ரவரி 22-இல் வெளிவந்த படம் இந்தச் செய்தியைத்தான் சொல்கிறது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் வாரக்கணக்காக ஓடியது. உலகெங்கும் 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படமும் இதுதான்.

முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? ‘பிழைப்பானா?’ என்ற கேள்வி கழன்றுவிட்டதால், அதைவிடக் கனமான வேறு கேள்விகள் முன்னால் வந்துவிடுகின்றன. யார் இறங்கினார்கள்? யார் தயங்கினார்கள்? கயிறு எங்கிருந்து வந்தது? மேலே நின்றவர்கள் அந்த மணித்தியாலங்களில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? உண்மையில் நடந்த உயிர்தப்பல் கதைகளைப் படமாகப் பார்க்கும்போது இந்தக் கேள்விகளில்தான் சுவை இருக்கிறது. விழுந்தவரைப் படமே காட்டிவிடும். மேலே நிற்பவர்களைக் கண்டுபிடித்துப் பார்ப்பது பார்வையாளரின் வேலை.

சாட்டியில் இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு தனி வசதி உண்டு. யாழ்ப்பாணத்தை ஒட்டிய வேலணைத் தீவின் வெண்மணல் கரையில் இருக்கிற ஊர் அது. கடற்பயணம் போகிறவர்கள் துணைக்கு வேண்டிக்கொள்ளும் சிந்தாத்திரை மாதாவின் திருத்தலமும் அங்கேதான். கிணறும் கயிறும் கடலும் பழகிய குடும்பங்களுக்குக் குழியின் ஆழத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. கிணற்றுக்குள் வாளி விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவியவர்களுக்குக் கயிற்றின் அந்தப் பக்கத்தில் பாரம் மாட்டும்போது கையில் ஏறும் உணர்வு தெரியும். வள்ளத்தைக் கரைக்கு இழுத்தவர்களுக்கு ஒருவன் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அதனால் படத்தின் முதற்பகுதியைத் தவறவிடக் கூடாது. வடக்கயிறு இழுக்கும் போட்டி, சிரிப்பு, சண்டை, வாகனத்தில் பாட்டு என்று கதை மெதுவாகத்தான் போகும். ‘எப்ப விழுவான்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். சிலர் கைபேசியைக் கையில் எடுத்துவிடுவார்கள். இந்த இடத்தில் வீட்டில் ஒருவராவது கயிறிழுத்தல் காட்சியைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்த பிள்ளைக்கு அது உடனே பிடிபடும்: யார் முன்னால், யார் கடைசியில், காலை எங்கே ஊன்றுகிறார்கள், எல்லோரும் ஒரே மூச்சில் எப்படி இழுக்கிறார்கள். விளையாட்டாகக் காட்டிய அதே இழுப்பு பிறகு ஓர் உயிருக்காக வரும். முதற்பாதியைக் கவனித்தவர்களுக்குப் பிற்பாதியில் கிடைக்கும் நடுக்கம், குழிக்குள் விழும் இடத்திலிருந்து மட்டும் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்றையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும். இந்தப் பயணத்துக்குச் சுபாஷ் வர மனமில்லாமல்தான் இருக்கிறான். சிஜுவின் பாத்திரமான குட்டன்தான் அவனைக் கூட்டிவருகிறான். சௌபின் சாஹிர் நடிக்கும் குட்டனின் முகத்தில் பிறகு தெரியும் கலக்கத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. ‘நான்தானே கூட்டிவந்தேன்’ என்ற நினைப்பை அவர் வாய்விட்டுச் சொல்லி அழுவதில்லை. அது நடையில் தெரியும், கயிற்றைத் தன் இடுப்பில் கட்டச் சொல்லும் அவசரத்தில் தெரியும்.

விழும் காட்சி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரும். பின்னணி இசை ஏறிப் பயமுறுத்தாது. இருந்தவன் அடுத்த கணம் இல்லை. நண்பர்கள் முதலில் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ‘இப்ப பார், இப்ப பார்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்தக் கணம் வீணாகிவிடும். தெரிந்தவர்கள் பேசாமல் இருப்பதே நல்லது.

மொழி விஷயத்தில் இந்தக் கட்டுரை ஒரு பக்கம் சாய்கிறது: முடிந்தால் மூல மலையாளத்திலேயே பாருங்கள். படத்தில் கேரளத்துப் பையன்கள் மலையாளம் பேசுவார்கள். கொடைக்கானலின் பொலிஸ்காரர்களும் ஊர்க்காரர்களும் தமிழ் பேசுவார்கள். நண்பன் குழிக்குள் கிடக்கிறான் என்று அரைகுறைத் தமிழில் கெஞ்சும் பையனை நம்பாமல் பொலிஸ் நிலையத்தில் அடிக்கும்போது, அந்த மொழி இடைவெளியும் ஒரு தடையாக நிற்கிறது. எல்லோரும் ஒரே தமிழ் பேசும் பிரதியில் அந்தத் தடை மெலிந்துபோகும். யாழ்ப்பாணத் தமிழ்க் காதுக்கு மலையாளம் முழுக்க அந்நியமாகவும் இராது. வசனம் எட்டாத அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்து இரண்டொரு சொல்லில் சொல்லிக்கொடுக்கலாம். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘பொலிஸ் நம்பேல்லை’, ‘மழை வரப்போகுது’ அளவு போதும்.

ஒலி முக்கியம். குழிக்குள்ளிருந்து ஒரு பதில் குரல் வருமா என்று மேலே எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்கும் காட்சியில், படம் பார்ப்பவர்களும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சன்னல் திறந்திருந்தால் அந்த மெல்லிய குரல் காற்றோடு போய்விடும். சன்னலைச் சாத்துங்கள். புழுக்கொடியல் கடிப்பதையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். அதன் சத்தம் குகையையே மூடிவிடும். சுசின் ஷ்யாமின் இசை அடங்கி நின்று, நீர் சொட்டும் ஒலியும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும் இடங்கள்தான் இந்தப் படத்தின் உச்சங்கள்.

பிறகு மழை. குழியின் வாய்க்குள் வெள்ளம் பாயத் தொடங்குகிறது. நண்பர்கள் தங்கள் உடம்பையே குறுக்கே போட்டு அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். விழுந்தவனைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது, கேட்கவும் முடியாது என்ற நிலையில் அவனுக்காகச் செய்யக்கூடியதாக அந்த ஒரு வேலைதான் மிஞ்சியிருக்கிறது. அதில் எவ்வளவு பயன் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. கதாநாயகனின் இறங்குதலுக்குக் கைதட்டும் வீடுகளில் இந்தக் காட்சி சத்தமில்லாமல் கடந்துபோவதுண்டு. ஷைஜு காலித்தின் கமரா இந்த இடத்தில் யார் முகத்தையும் தனியே தூக்கிக் காட்டுவதில்லை. சேறும் கைகளும் கால்களும்தான் தெரிகின்றன. யார் யார் என்று பிரித்தறிய முடியாமல் போவதே அந்தக் காட்சியின் அழகு.

படத்தில் வரும் குகையின் பெரும்பகுதி கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி அமைத்த செட். படம் முடிந்த பிறகு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. பாறையின் ஈரத்தையும் வழுக்கலையும் மனிதக் கைகள் செய்திருக்கின்றன என்று தெரிந்ததும் அவர்கள் இரண்டாம் தடவை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

அடுத்தது பாட்டு. குணா குகைக்கு அந்தப் பெயர் வந்ததே 1991-இல் சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ படத்தால்தான். அதில் இளையராஜா இசையமைத்த, கடிதமாக எழுதப்படும் அந்தக் காதல் பாட்டை மஞ்ஞும்மல் பையன்களின் படம் நட்புக்குப் பயன்படுத்துகிறது. இரண்டு உடல்களும் ஒன்றாகக் கட்டப்பட்டு மேலே வரும் நேரத்தில் அது ஒலிக்கும். ‘குணா’வைத் தியேட்டரில் பார்த்த சித்தப்பாமாரும் மாமிமாரும் இருக்கும் வீடு என்றால், முதல் நாளே அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களின் நினைவில் உள்ள பாட்டு பிள்ளைகளின் காதிலும் இருந்தால், அந்த இடத்தில் இரண்டு தலைமுறையும் ஒன்றாகத் துள்ளும்.

தீவுப்பகுதி வீடுகளில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. வேறு ஊர்களுக்கு எழுதும் வழிகாட்டியில் அதற்கு இடம் வேண்டியிராது. 1985 மே 15-ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்; அதில் உயிர்தப்பியவர்களும் உண்டு. 1990-இல் தீவுகளை விட்டு வெளியேறியவர்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மழைக்குள் நடந்தவர்கள் என்று, திரைக்கு முன்னால் இருக்கும் கதிரைகளில் ஒன்றிலாவது உண்மையாகவே உயிர்தப்பிய ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு இருட்டும் அலறலும் தண்ணீரும் வேறு பொருள் தரும். ஆகவே படம் போடுமுன் அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கதை என்னவென்று சொல்லி, பார்க்க விருப்பமா என்று கேட்பது அவசியம். நடுவில் எழுந்து போனால் போகட்டும். ‘படம்தானே’ என்று பிடித்து இருத்தக் கூடாது. முடிந்த பிறகு அவரே எதையாவது சொல்லத் தொடங்கினால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் கிண்ட வேண்டாம்.

பிள்ளைகளின் வயதும் பார்க்க வேண்டும். மதுக்காட்சிகளும் பொலிஸ் அடியும் இரத்தமும் இருப்பதால் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இது ஏற்ற படம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பெரியவர்களோடு பார்க்கலாம். அவர்கள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி: ‘வேலியைத் தாண்டிக் குகைக்குள் போனது பிழைதானே?’ பிழைதான். அதைப் படமும் மறைக்கவில்லை. பிழை செய்தவனையும் விட்டுவிட்டுப் போகலாமா என்பதை அவர்களே பேசித் தீர்க்கட்டும்.

மீட்டவுடன் எழுந்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இந்தப் படத்தில் அப்படிச் செய்தால் பாதி இழப்பு. ஊருக்குத் திரும்பிய பிறகு நண்பர்கள் நடந்ததை மறைக்கப் பார்ப்பதும், சுபாஷின் தாய் உண்மையை அறியும் இடமும், இரவில் அவனை விடாத பயமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சுபாஷாக வரும் ஸ்ரீநாத் பாசி அந்த இறுதிப் பகுதியில் அதிகம் பேசாமலே நடித்திருக்கிறார். கடைசியில் உண்மையான நண்பர்களின் படங்கள் திரையில் வரும். நடிகர்களின் முகத்தோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குத் தனி ஆர்வம் இருக்கும்.

‘உண்மைக் கதை’ என்று போட்டிருக்கும் எல்லாப் படங்களும் உண்மையை ஒரே அளவில் வைத்திருப்பதில்லை என்பதையும் இதே இருப்பில் பேசலாம். அதே 2024-இல் வந்த பிளெஸியின் ‘ஆடுஜீவிதம்’, சவூதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க அகப்பட்ட நஜீபின் வாழ்க்கையை வைத்துப் பென்யாமின் எழுதிய நாவலிலிருந்து வந்தது. நாவலாசிரியரின் கற்பனையும் அதில் கலந்திருக்கிறது. மத்திய கிழக்கில் உழைத்த உறவினர் உள்ள வீடுகளில் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ பெரியவர்கள் மட்டும் பார்க்கட்டும். பாறையில் சிக்கிய தன் கையைத் தானே அறுத்துத் தப்பிய ஒருவரின் கதை அது, அதில் மேலே நின்று இழுக்க யாருமே இல்லை.

குடும்பமாக அடுத்துப் பார்க்க ஏற்றது ரொன் ஹவார்டின் ‘தேர்ட்டீன் லைவ்ஸ்’. 2018 ஜூன் 23-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 உதைபந்தாட்டப் பையன்களும் பயிற்சியாளரும் வெள்ளத்தால் உள்ளே அடைபட்டார்கள். ஜூலை 2-இல்தான் சுழியோடிகள் அவர்களைக் கண்டார்கள். ஜூலை 10-க்குள் 13 பேரும் வெளியே வந்தார்கள். மீட்பில் இறங்கிய முன்னாள் கடற்படைச் சுழியோடி சமான் குணான் உயிரிழந்தார். மஞ்ஞும்மல் படத்தில் நண்பர்கள் பிடித்த கயிற்றை இங்கே ஒரு நாடே பிடிக்கிறது. குகையைச் சுற்றியிருந்த விவசாயிகள், மலையிலிருந்து திருப்பிவிடும் தண்ணீர் தங்கள் வயல்களில் பாய்ந்து பயிர் அழிவதற்குச் சம்மதித்தார்கள். மழையை நம்பி வயல் செய்யும் வேலணைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தில் அந்தக் காட்சி சீக்கிரமாகக் கடந்துபோய்விடும். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வைக்க யாரும் எழும்ப வேண்டாம்.