ஆடியவர் சான்றும் அச்சுச் சான்றும்: தன்னார்வ விளையாட்டுத் தரவுத்தளங்களில் பங்களிப்பாளர் – மட்டுறுத்துநர் முரண்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் விளையாட்டுத் தரவுத்தளங்களில் தகவல் தருவோருக்கும் அதனைச் சரிபார்த்து ஏற்போருக்கும் இடையே எழும் பூசல்கள் பெரும்பாலும் தனிமனிதர் மனத்தாங்கல்களாகவே பேசப்படுகின்றன. அவற்றின் அடியில் 'யார் கூற்று சான்றாகும்?' என்னும் ஆய்வியல் வினா உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ் விக்கிப்பீடியாவின் சான்று நெறி, 2011-ஆம் ஆண்டின் வாய்மொழிச் சான்றுத் திட்டம், மோபிகேம்ஸ் தரவுத்தளத்தின் வரலாறு ஆகியவற்றை முன்வைத்து இவ்வினா ஆராயப்படுகிறது. தமிழ் நாட்டார் வழக்காற்றியல் முன்னரே கையாண்டுள்ள பதிவு முறையொன்று இச்சிக்கலுக்குத் தீர்வாக அமையக்கூடும் என்பது முடிவாகப் பெறப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாட்டார் விளையாட்டு, தன்னார்வத் தரவுத்தளம், மட்டுறுத்தல், வாய்மொழிச் சான்று, மாற்று வடிவம்

முன்னுரை

தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்துள்ள குச்சனூர், சுரபி நதிக்கரையில் அமைந்த சனீசுவரர் கோயிலால் தமிழகமெங்கும் அறியப்பட்ட ஊர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்குக் கூடும் மக்கள் திரளைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. கோயில் வழிகாட்டிகளிலும் அவ்வூருக்கு இடமுண்டு. ஆகவே, குச்சனூர்க் கோயிலைப் பற்றி ஒரு பொதுத் தரவுத்தளத்தில் எழுத முற்படுபவருக்கு அச்சுச் சான்று தேடுவது கடினமன்று. அதே ஊரின் திண்ணையில் பல்லாங்குழி எவ்வாறு ஆடப்பட்டது என எழுத முற்படுபவரின் நிலை வேறு. அவரிடம் இருப்பது அப்பத்தாவிடம் கேட்டறிந்த செய்தியும், தாம் ஆடிப் பழகிய கையுமே. ஓர் ஊர் எந்த வாயில் வழியாக ஆவணத்திற்குள் நுழைகிறது என்பதை அச்சின் கவனமே தீர்மானிக்கிறது.

இவ்வேறுபாட்டை விளக்க ஒரு சூழலைக் கற்பித்துக்கொள்ளலாம். குச்சனூரைச் சேர்ந்த ஓர் இளைஞர், தம் அப்பத்தா ஆடிய முறைப்படி பல்லாங்குழி விதிகளைத் தரவுத்தளத்தில் எழுதுகிறார். மட்டுறுத்துநர் 'சான்று தேவை' எனக் குறியிடுகிறார். இளைஞர் 'எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆடுவோம்' என்கிறார். மட்டுறுத்துநர் பகுதியை நீக்குகிறார். இளைஞர் மீண்டும் சேர்க்கிறார், அது மீண்டும் நீக்கப்படுகிறது, இளைஞர் விலகுகிறார். இருவரும் தத்தம் நிலையில் நேர்மையாகவே நடந்துகொண்டனர். இருந்தும் அப்பத்தாவின் ஆட்டமுறை பதிவாகவில்லை. நேர்மையான இருவர் சேர்ந்து ஓர் இழப்பை உண்டாக்கும் இந்நிலையே இங்கு ஆய்வுக்குரியது.

முரண்பாட்டின் மூன்று களங்கள்

விளையாட்டுத் தரவுத்தளங்களில் எழும் முரண்பாடுகளைப் பெயர், பகுப்பு, சான்று என மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது பெயர் பற்றியது. பரவலாக வழங்குவது 'பல்லாங்குழி' என்னும் வடிவம். தேவநேயப் பாவாணரோ பதினான்கு குழிகள் உடைமையை அடிப்படையாகக் கொண்டு 'பன்னாங்குழி' என்னும் வடிவத்தை ஆள்வார். பதிவின் தலைப்பாக எதனை வைப்பது? பெருவழக்கை ஏற்பதா, சொற்பிறப்பு நோக்கை ஏற்பதா, பங்களிப்பாளரின் வட்டார ஒலிப்பை ஏற்பதா? தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துப் பயன்பாடு குறித்தும், தமிழக வழக்கு, ஈழ வழக்கு குறித்தும் நெடுங்காலம் விவாதங்கள் நிகழ்ந்தமை, தமிழில் பெயரிடல் எத்துணை நுண்ணிய சிக்கல் என்பதைக் காட்டும்.

இரண்டாவது பகுப்பு பற்றியது. குழிக்கு எத்தனை காய் இடுவது என்பது இடத்திற்கிடம் மாறுகிறது. ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதனைப் 'பசு' எனக் கொண்டு எடுத்துக்கொள்ளும் விதி பல இடங்களில் உண்டு. அதனைக் கையாளும் முறையிலும் வேறுபாடுகள் உள்ளன. இவை ஒரே ஆட்டத்தின் மாற்று வடிவங்களா, வெவ்வேறு ஆட்டங்களா? மட்டுறுத்துநர் ஒன்றாக இணைக்க விரும்புவார். தரவுத்தளத்தின் ஒழுங்கு அதனை வேண்டுகிறது. பங்களிப்பாளர் தனிப்பதிவு வேண்டுவார். தம் ஊர் வடிவம் ஒரு வரிக் குறிப்பாகச் சுருங்குவதை அவர் இழப்பாகக் காண்கிறார். கம்பம் பள்ளத்தாக்கு போன்ற ஒரு பகுதியில் இச்சிக்கல் மேலும் கூடும். அங்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. குமுளியைக் கடந்து இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் நாள்தோறும் சென்று மீள்கின்றனர். இத்தகைய இடத்தில் ஓர் ஆட்டம் ஒரே பெயரோடும் ஒரே விதியோடும் நிற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

மூன்றாவது சான்று பற்றியது. முதலிரு முரண்பாடுகளும் இறுதியில் இங்கேயே வந்து சேர்கின்றன. எந்தப் பெயர், எந்த வடிவம் என்னும் வினாக்களுக்கு 'எதில் அச்சாகியுள்ளதோ அது' என்பதே மட்டுறுத்துநரின் எளிய விடையாக அமைகிறது.

அச்சுச் சான்றின் வட்டம்

2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா, பிற மொழி விக்கிப்பீடியாக்களைப் போன்றே, மெய்யறிதன்மை, குறிப்பிடத்தக்கமை, புத்தாய்வு கூடாமை ஆகிய நெறிகளை ஏற்றுக்கொண்டது. கட்டுரையில் இடம்பெறும் செய்தியை, எழுதியவரை நம்பாமலேயே, மூன்றாமவர் ஒருவர் சரிபார்க்க இயலவேண்டும் என்பது இவற்றின் சாரம். எழுதுபவர் யாரென்றே அறியாத ஓர் அமைப்பில் இந்நெறி இன்றியமையாதது.

ஆயினும் நாட்டார் விளையாட்டுகளைப் பொறுத்தவரை இந்நெறி ஒரு வட்டத்திற்குள் சுழல்கிறது. தமிழ் விளையாட்டுகளுக்கு முதன்மைச் சான்றாக எடுத்துக்காட்டப்படும் நூல்களுள் ஒன்று, 1954-இல் வெளிவந்த பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்'. ஆடவர், பெண்டிர், இருபாலார் எனவும், பகலாட்டு, இரவாட்டு எனவும் ஆட்டங்களை வகுத்துக் காட்டும் அந்நூலில், சில ஆட்டங்களுக்குப் பாண்டிநாட்டு முறை வேறாகவும் சோழ, கொங்குநாட்டு முறை வேறாகவும் தரப்பட்டுள்ளன. இவ்வேறுபாடுகளைப் பாவாணர் பெற்றது மக்கள் வழக்கிலிருந்தே. வாய்மொழியாக இருந்த செய்தி அறிஞர் ஒருவரின் கைவழி அச்சேறியதும் சான்றாகிறது. அதே மூலத்திலிருந்து இன்று ஒருவர் நேரடியாகக் கொண்டுவரும் செய்தி சான்றற்றதாகிறது. மேலும், நூலில் இடம்பெற்ற வடிவம் தரமாகவும், இடம்பெறாத வடிவம் பிழையாகவும் கருதப்படும் நிலை உருவாகிறது. வேறுபாடுகளைப் பதிவு செய்த நூலே வேறுபாடுகளை மறுக்கும் அளவுகோலாகிவிடுவது பாவாணரின் நோக்கத்திற்கே மாறானது.

தமிழ் மரபு இவ்வகையில் அச்சுக்கு முதலிடம் தந்ததில்லை. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு தொல்காப்பியர் தம் நூலைச் செய்தார் எனச் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகிறது. மக்கள் நாவில் வழங்குவது அங்கு முதற்சான்றாக மதிக்கப்பட்டது.

வாய்மொழிச் சான்று: 2011-ஆம் ஆண்டின் முயற்சி

இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்ட முயற்சி ஒன்று உண்டு. 2011-இல் அச்சல் பிரபலா விக்கிமீடியா அறக்கட்டளையின் நல்கையுடன் வாய்மொழிச் சான்றுத் திட்டத்தை மேற்கொண்டார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மூன்று மொழிகள் தேர்ந்துகொள்ளப்பட்டன. அச்சுச் சான்று இல்லாத அன்றாட அறிவை, அறிந்தவரிடம் நேர்காணல் செய்து, ஒலிப்பதிவைப் பொதுவில் வைத்து, அதனையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதுவது அதன் முறை. கேரளத்துச் சிறுவர் ஆட்டமான டப்பா களி அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் ஒன்று. எண்ணற்றோர் ஆடியும் கண்டும் அறிந்த ஓர் ஆட்டத்திற்குக் காட்டத்தக்க அச்சுச் சான்று இல்லை என்பதே அத்திட்டம் முன்வைத்த வாதத்தின் மையம்.

இதற்கு எழுந்த எதிர்ப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பங்களிப்பாளரே நேர்காணல் செய்து, அவரே ஒலிப்பதிவை வெளியிட்டு, அவரே அதனை மேற்கோளாகக் காட்டுவது புத்தாய்வு கூடாமை என்னும் நெறியை மீறுவதாகும் என்றனர் மறுத்தோர். வாய்மொழியை ஒருமுறை ஏற்றால் எதனையும் மறுக்க இயலாது என்னும் அச்சமும் அதில் இருந்தது. இவ்வெதிர்ப்பில் உள்ள உண்மையைக் காணாமல் பங்களிப்பாளர் பக்கம் மட்டும் பேசுவது ஆய்வாகாது. தமிழ் விளையாட்டுகள் பற்றிப் பரவும் எழுத்துகளில் 'பல்லாயிரம் ஆண்டுப் பழமை', 'உலகிற்கே தமிழர் தந்தது' போன்ற கூற்றுகள் சான்றின்றி மலிந்துள்ளமை கண்கூடு. அவற்றைத் தடுத்து நிறுத்தும் மட்டுறுத்துநர் தரவுத்தளத்திற்குப் பெருந்தொண்டு செய்கிறார். ஊதியமின்றி, பெரும்பாலும் நன்றியுமின்றி.

குறை, மட்டுறுத்துநரின் கடுமையில் இல்லை. எல்லாக் கூற்றுகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதில் உள்ளது. விளையாட்டுப் பதிவு ஒன்றில் மூவகைக் கூற்றுகள் அடங்கும். 'குச்சனூரில் இவ்வாறு ஆடினோம்' என்பது முதல்வகை. ஆடியவரின் கூற்றே இதற்குத் தக்க சான்று. 'கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் இவ்வாறே ஆடுவர்' என்பது இரண்டாம் வகை. இதற்குப் பல ஊர்ச் சான்றுகள் வேண்டும். 'இவ்வாட்டம் சங்க காலம் முதல் தொடர்கிறது' என்பது மூன்றாம் வகை. இதற்கு வெளியிடப்பட்ட ஆய்வு கட்டாயம் வேண்டும். மூன்றாம் வகைக்குரிய சான்றை முதல்வகைக் கூற்றுக்குக் கேட்பது மட்டுறுத்துநரின் பிழை. முதல்வகைச் சான்றைக் கொண்டு மூன்றாம் வகைக் கூற்றை நிறுவ முயல்வது பங்களிப்பாளரின் பிழை. பெரும்பாலான பூசல்கள் இவ்விரு பிழைகளும் சந்திக்கும் இடத்திலேயே நிகழ்கின்றன.

விலகும் உரிமையும் அதன் வரம்பும்

பூசல் முற்றினால் பங்களிப்பாளர் என் செய்வார்? இதற்குக் கணினி விளையாட்டுகளுக்கான மோபிகேம்ஸ் தரவுத்தளத்தின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. 1999-இல் ஜிம் லெனார்ட், பிரையன் ஹெர்ட் ஆகியோர் தொடங்கிய இத்தரவுத்தளம், தன்னார்வலர் அளிக்கும் தகவலைத் தன்னார்வ ஒப்புதலாளர் சரிபார்த்து ஏற்கும் முறையில் வளர்ந்தது. 2010-இல் கேம்ஃப்ளை நிறுவனம் இதனை வாங்கியது. 2013-இல் அந்நிறுவனம் கொணர்ந்த புதிய வடிவமைப்பைத் தன்னார்வலர் கடுமையாக எதிர்த்தனர். முதன்மைப் பங்களிப்பாளர் சிலர் பணியை நிறுத்தினர். அவ்வாண்டு இறுதியிலேயே உடைமை ஜெரமையா ஃப்ரேஹோல்ட்ஸ் என்பவருக்கு மாறியது. 2022-இல் அடாரி நிறுவனம் அதனைப் 15 இலட்சம் டாலருக்கு வாங்கியது. பங்களிப்பாளருக்கும் ஒப்புதலாளருக்கும் இடையே எத்தனை வேறுபாடுகள் இருந்தாலும், உடைமையாளரின் முடிவுக்கு முன் இருவரும் ஒரே தட்டில் நின்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

விக்கிப்பீடியாவின் நிலை இதனினும் மேலானது. அதன் உள்ளடக்கம் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் உள்ளமையால், உடன்பாடில்லாதோர் அதனை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் தொடரலாம். எனினும் இவ்வுரிமை பேரளவு எழுதுவோரைக் கொண்ட மொழிகளுக்கே பயன்படும். தமிழில் நாட்டார் விளையாட்டுகளைப் பொறுமையுடன் எழுதுவோர் சிலரே. அவர்கள் பிரிந்தால் இரு தரவுத்தளங்களும் மெலியும். விலகுதல் இங்குத் தீர்வாகாது. ஆகவே தமிழில் உரையாடல் நெறியின் செம்மை பிற பெருமொழிகளைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தமிழில் உள்ள முன்மாதிரி

அந்நெறிக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நா. வானமாமலை தொகுத்து 1964-இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில், பாடல்களின் இறுதியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்னும் குறிப்புகள் தரப்பட்டுள்ளன. வட்டாரச் சொற்களுக்கு விளக்கமும் உண்டு. இது வாய்மொழிச் செய்தியைச் சரிபார்க்கத்தக்கதாக்கும் முறை. ஐயுறுபவர் அவ்விடம் சென்று கேட்கலாம். வேறு வடிவம் கிடைத்தால் அதனையும் அதே முறையில் அருகில் வைக்கலாம். ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

விளையாட்டுத் தரவுத்தளம் இம்முறையைச் சிறு மாற்றங்களுடன் ஏற்கலாம். பதிவின் ஒவ்வொரு வட்டார வடிவத்திற்கும் சொன்னவர், பதிந்தவர், இடம், நாள் ஆகியன குறிக்கப்பட வேண்டும். சொன்னவரின் ஒப்புதல் இன்றி அவர் பெயர் வெளியிடப்படலாகாது. பதிந்தவரும் மேற்கோள் காட்டுபவரும் வேறானவராக இருத்தல் நன்று. 2011-இன் முயற்சிக்கு எழுந்த தடை இதனால் ஓரளவு நீங்கும். இப்பணிக்குப் பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் பொருத்தமானவை. மாணவர் திரட்டும் களத்தரவு துறையின் மேற்பார்வையில் வெளியிடப்பட்டால் அது மட்டுறுத்துநர் ஏற்கத்தக்க சான்றாகிறது. மறுபுறம், மட்டுறுத்துநர் ஒரு பகுதியை நீக்கும்போது அது மூவகைக் கூற்றுகளுள் எவ்வகையினது, என்ன சான்று போதுமானது என்பதை ஒரு வரியில் எழுதுவதும் கடமையாகக் கொள்ளப்பட வேண்டும். 'சான்று தேவை' என்னும் குறி, எத்தகைய சான்று எனச் சொல்லாதவரை, புதியவருக்குக் கதவடைப்பாகவே தோன்றும்.

முடிவுரை

பங்களிப்பாளர் – மட்டுறுத்துநர் முரண்பாடு, வழக்குக்கும் நூலுக்கும் இடையே தமிழில் நெடுங்காலமாக உள்ள உறவின் இன்றைய வடிவம். ஆடியவரின் கூற்றை அதன் எல்லைக்குள் ஏற்பதும், அவ்வெல்லையை அது கடக்கும்போது மறுப்பதும் ஒரே நெறியின் இரு பக்கங்கள். கோயிலால் அறியப்பட்ட குச்சனூருக்கு ஆட்டத்தாலும் ஒரு பதிவு உண்டாக வேண்டுமெனில், அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அவர்தம் கூற்று உரிய குறிப்புகளுடன் திரட்டப்பட வேண்டும். பூசலில் கழியும் காலத்தை மட்டுறுத்துநரும் பங்களிப்பாளரும் பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம். அம்முதியோருக்கு அவ்வாய்ப்பு இல்லை.