பொய்யனை நம்பலாம்

கோடை விடுமுறையில் ஒரு நாள், எங்கள் பகுதி நூலகத்தில் பிள்ளைகளுக்குப் புதிர் போடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் இருப்பார்கள். கரும்பலகையில் ஒரு தீவை வரைந்தேன். அந்தத் தீவில் இரண்டே வகை மனிதர்கள். மெய்யர் எப்போதும் உண்மையே பேசுவார்கள். பொய்யர் எப்போதும் பொய்யே பேசுவார்கள். ஆளைப் பார்த்து யார் எந்த வகை என்று சொல்ல முடியாது. கரையில் இறங்கியதும் எதிரே இருவர் வருகிறார்கள். முதலாமவன், "நாங்கள் ரெண்டு பேருமே பொய்யர்கள்" என்கிறான். யார் யார்?

கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். பிறகு ஒரு பையன் எழுந்தான். "அவன் மெய்யனா இருந்தா தன்னைப் பொய்யன்னு சொல்லிக்க மாட்டான். அதனால அவன் பொய்யன். பொய்யன் சொன்னது பொய்யாத்தான் இருக்கணும். ரெண்டு பேரும் பொய்யர்ங்கிறது பொய்யின்னா, மத்தவன் மெய்யன்." எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், அவன் எப்பவும் பொய்தான் சொல்லுவான்னு ஊருக்கே தெரியும்ல? அப்புறம் யாரை ஏமாத்த அவன் பொய் சொல்றான்?"

நான் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த புதிருக்குப் போய்விட்டேன். அந்தப் பையனின் விடையில் இந்தப் புதிர்வகையின் பலம் முழுவதும் இருந்தது. அந்தப் பெண்ணின் கேள்வியில் அதன் குறை முழுவதும் இருந்தது.

முதலில் பலத்தைப் பார்ப்போம். இந்தத் தீவுக்கு நல்ல பூர்வீகம் உண்டு. பின்னாளில் பெரிய தத்துவவாதியான நெல்சன் குட்மேன், 1931இல் 'பாஸ்டன் போஸ்ட்' நாளிதழில் தன் பெயரைப் போடாமல் இப்படி ஒரு புதிரை வெளியிட்டார். அதில் உண்மை பேசுபவர்கள் பிரபுக்கள், பொய் பேசுபவர்கள் வேடர்கள். இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தவர் ரேமண்ட் ஸ்மல்லியன். மேடையில் மாயவித்தை காட்டியவர், பியானோ வாசித்தவர், அலோன்சோ சர்ச்சிடம் பிரின்ஸ்டனில் தருக்கம் படித்து 1959இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1978இல் வந்த அவருடைய முதல் புதிர் நூலுக்குப் பெயரே 'இந்தப் புத்தகத்தின் பெயர் என்ன?' என்பதுதான்.

புதிரைக் கேட்டதும் எல்லோருடைய மனமும் 'இவன் சொல்வதை நம்பலாமா?' என்றுதான் போகும். அந்தக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது. 'இந்த வாக்கியத்தை யாரால் சொல்ல முடியும்?' என்று கேட்டால்தான் கதவு திறக்கும். 'நான் பொய்யன்' என்ற வாக்கியம் அந்தத் தீவில் யார் வாயிலிருந்தும் வராது. மெய்யன் சொன்னால் அது பொய்யாகும், பொய்யன் சொன்னால் அது உண்மையாகும். ஒரு பேச்சை வைத்து அதைப் பேசியவனைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. கூடவே இன்னொன்றும் வருகிறது. எனக்கு உடன்பாடில்லாத ஒன்றை 'சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்' என்று ஏற்று, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்கும் பொறுமை. யூக்ளிட் முதல் இன்றுவரை கணிதம் கையாண்டுவரும் முறை இது. இங்கே அதற்குச் சூத்திரம் வேண்டாம், பேனாகூட வேண்டாம்.

இரு வழிப் புதிர் இன்னும் நயமானது. பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஊருக்கு, ஒன்று காட்டுக்கு. அங்கே இருவர் நிற்கிறார்கள், ஒருவன் மெய்யன், ஒருவன் பொய்யன். ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். "ஊருக்கு எது வழி என்று மற்றவனைக் கேட்டால் எதைக் காட்டுவான்?" என்று ஒருவனிடம் கேட்டுவிட்டு, அவன் காட்டுவதற்கு எதிர்த் திசையில் நடக்க வேண்டும். யாரைக் கேட்டாலும் பதிலில் ஒரு பொய் கட்டாயம் கலந்திருக்கும். எதிர்த் திசையில் நடக்க விருப்பமில்லையா? "உன்னையே கேட்டிருந்தால் எதைக் காட்டியிருப்பாய்?" என்று கேளுங்கள். பொய்யன் தான் சொல்லியிருக்கக்கூடிய பொய்யைப் பற்றியும் பொய் சொல்வான். கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல் ஆவதுபோல, இரண்டு பொய் சேர்ந்து சரியான வழியைக் காட்டிவிடும். ஆளை அடையாளம் காணாமலேயே செய்தியைக் கறந்துவிடலாம் என்ற இந்தப் பாடம் சிறியதல்ல.

இனி குறைகள். முதலாவது மொழியில் இருக்கிறது. இந்தப் புதிர்களைத் தமிழில் போடும்போது, தருக்கத்தின் இலக்கணமும் தமிழின் இலக்கணமும் உரசிக்கொள்கின்றன. நூலகத்தில் பாதிப் பிள்ளைகள் முதலில் சொன்ன தவறான விடை என்ன தெரியுமா? 'ரெண்டு பேரும் பொய்யர்' என்பது பொய்யானால், ரெண்டு பேரும் மெய்யர் என்பதுதான். இதைத் தருக்கப் பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 'இருவரும் பொய்யர் அல்லர்' என்று தமிழில் சொன்னால், ஒருவர்கூடப் பொய்யரில்லை என்றுதான் காதில் விழும். 'எல்லாரும் வரவில்லை' என்பதும் அப்படித்தான். யாருமே வரவில்லையா, சிலர் வரவில்லையா என்பதைச் சொல்பவரின் குரலை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம். அச்சில் குரல் இல்லை.

'அல்லது' இன்னும் மோசம். ஒருவன், "நான் பொய்யன் அல்லது இவன் மெய்யன்" என்கிறான். இரண்டில் ஒன்றாவது உண்மை என்று தருக்க நூல் பொருள்கொள்ளும். அதன்படி பேசியவனும் மெய்யன், பக்கத்திலிருப்பவனும் மெய்யன். நம் வீடுகளில் 'காப்பி அல்லது டீ' என்றால் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டில் ஒன்று மட்டுமே என்று எடுத்துக்கொண்டால், பக்கத்திலிருப்பவன் மெய்யன் என்பதோடு விடை நின்றுவிடும். பேசியவன் யார் என்று சொல்லவே முடியாது. ஒரே வாக்கியம், இரண்டு தீர்ப்பு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. தமிழுக்குச் சாதகமான இடமும் ஒன்று உண்டு. தீவுக்காரன் 'நாங்கள்' என்றால் நான் அதில் இல்லை, 'நாம்' என்றால் என்னையும் சேர்த்துப் பொய்யனாக்குகிறான். இந்தத் துல்லியம் ஆங்கிலப் புதிருக்குக் கிடையாது.

இரண்டாவது குறைதான் அந்தப் பெண் கேட்டது. தீவின் பொய்யன் யாரையும் ஏமாற்றுவதில்லை. அவன் பேச்சைத் திருப்பிப் போட்டால் உண்மை வந்துவிடும். சொல்லப்போனால் அவன் உண்மையையே வேறொரு பாஷையில் பேசுகிறான். நம்பகத்தில் அவனும் மெய்யனும் ஒரு தராசின் இரு தட்டுகள். நிஜப் பொய்க்கு நம்பிக்கை வேண்டும். பத்து முறை ஒழுங்காக எடை போட்ட கடைக்காரர் பதினோராவது முறை குறைத்தால்தான் அது பலிக்கும். எப்போதும் குறைக்கிற கடைக்கு யார் போவார்கள்?

தீவில் அறியாமைக்கும் இடமில்லை. தவறான பஸ் நம்பரை நல்ல மனதோடு சொல்லிவிடுகிறவரை நாம் பொய்யர் என்பதில்லை. புதிரின் கணக்கில் அவரும் பொய்யர்தான். உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறவருக்கும் அங்கே இடமில்லை. குருக்ஷேத்திரத்தில் அஸ்வத்தாமன் இறந்துவிட்டான் என்று தருமர் சொன்னபோது, அந்தப் பெயருள்ள யானை உண்மையிலேயே இறந்திருந்தது. தீவின் சட்டப்படி தருமர் மெய்யர். ஆனால் மகாபாரதம், அதுவரை நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேரைத் தரையில் இறக்கிவிட்டது. பொய் என்பது வாக்கியத்தில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது என்று கதை சொன்னவருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்மல்லியனுக்கும் இது தெரியாமலில்லை. 1925 ஏப்ரல் 1 அன்று, ஆறு வயது நிரம்பாத அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இன்று உன்னை இதுவரை இல்லாத அளவுக்கு ஏமாற்றப்போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனார் அண்ணன் எமில். தம்பி நாள் முழுக்கக் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஏமாற்றுவேன் என்று எதிர்பார்த்தாய், ஏமாற்றவில்லை, அதனால் ஏமாந்துவிட்டாய் என்று இரவில் விளக்கம் சொன்னார் அண்ணன். விளக்கை அணைத்த பிறகும் தான் ஏமாந்தோமா இல்லையா என்று தெரியாமல் தம்பி விழித்துக் கிடந்தார். தனக்குத் தருக்கம் அறிமுகமான நாள் அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். எமில் சொன்னது மெய்யா, பொய்யா? தீவின் சட்டத்தில் அண்ணனுக்குக் குடியுரிமை கிடைக்காது.

இந்தக் குறையைப் புதிர் போடுகிறவர்களே உணர்ந்து தீவை விரிவாக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் தருக்கவியலாளர் ஜார்ஜ் பூலோஸ் 'உலகிலேயே மிகக் கடினமான தருக்கப் புதிர்' என்ற பட்டத்தோடு ஒன்றை வெளியிட்டார். மூன்று தெய்வங்கள். ஒன்று மெய் பேசும், ஒன்று பொய் பேசும், ஒன்று நினைத்தபடி எதையாவது சொல்லும். பதில் 'டா', 'ஜா' என்று வரும், எது ஆம் எது இல்லை என்று தெரியாது. மூன்றே கேள்விகளில் மூவரையும் அடையாளம் காண வேண்டும். பூலோஸ் காட்டும் வழியில் முதல் கேள்வி மெய்த் தெய்வத்தைத் தேடுவதே இல்லை. நினைத்தபடி பேசாத ஏதாவது ஒரு தெய்வத்தைக் கண்டுபிடிக்கத்தான் அது செலவாகிறது. அது மெய்யோ பொய்யோ, கவலையில்லை. பயப்பட வேண்டியது பொய்யனுக்கு அல்ல, நிலையில்லாதவனுக்கு.

2008இல் ப்ரையன் ராபர்ன், லாண்டன் ராபர்ன் இருவரும் இதை இன்னொரு பக்கம் திருப்பினார்கள். பதிலே சொல்ல முடியாத கேள்வி கேட்டால் தெய்வத்தின் தலை வெடிக்கும் என்று வைத்தால், விடைக்கு இரண்டு கேள்வியே போதும் என்று காட்டினார்கள். தெரிந்தும் மௌனமாக இருந்தால் தலை சுக்குநூறாகும் என்று விக்கிரமாதித்தனை மிரட்டிய வேதாளம் நமக்குப் பழக்கம்தானே. பதிலே சொல்ல முடியாத கேள்வி எப்படி இருக்கும்? "இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் பதில் சொல்வாயா?" என்று மெய்யனைக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவன் சொன்னது பொய்யாகிவிடும். வாயடைத்து நிற்பான். பொய்யனோ எதைச் சொன்னாலும் தப்பிவிடுவான். உண்மை மட்டுமே பேசுவேன் என்ற விரதத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நிஜ உலகுக்கு மிக அருகில் வருவது கணிதவியலாளர் ஸ்டனிஸ்லாவ் உலாம் 1976இல் எழுப்பிய கேள்வி. ஒன்று முதல் பத்து லட்சம் வரை ஒரு எண்ணை ஒருவர் நினைத்துக்கொள்கிறார். ஆம், இல்லை என்ற பதிலை வைத்து 20 கேள்விகளில் அதைப் பிடித்துவிடலாம். அவர் ஒரே ஒரு முறை பொய் சொல்லலாம் என்றால்? ஒவ்வொரு கேள்வியையும் இருமுறை கேட்டு, முரண்பட்டால் மூன்றாம் முறை கேட்டால் 41 வரை போகும். யோசித்துக் கேட்டால் 25 போதும் என்று 1987இல் நிறுவப்பட்டது. செல்பேசிச் செய்தி வழியில் சிதைந்தாலும் சரியாக வந்து சேர்வதற்குப் பின்னால் உள்ள கணக்கு இதற்கு உறவுதான். கணினி அறிவியலாளர் லெஸ்லி லேம்போர்ட்டும் வேறு இருவரும் 1982இல் எழுதிய பைசாந்தியத் தளபதிகள் கட்டுரையிலும், ஒரே முடிவுக்கு வர வேண்டிய தளபதிகளுக்குள் ஒளிந்திருக்கும் துரோகி ஆளுக்கு ஆள் வேறு சேதி சொல்கிறான். வாய்மொழிச் செய்தி மட்டும் இருந்தால், ஒரு துரோகியைச் சமாளிக்க மூன்று பேர் போதாது, நான்கு பேர் வேண்டும்.

மூன்றாவது குறை புதிரில் இல்லை, அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. போட்டித் தேர்வுப் பயிற்சி நூல்களில் இந்தத் தீவு ஓர் அத்தியாயமாகிவிட்டது. முரண்படும் இரண்டு வாக்கியங்களைப் பிடி, உண்மை அதற்குள் இருக்கும், மற்றதை அடி என்று குறுக்குவழி கற்பிக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் விடை வருகிறது, யோசனை வருவதில்லை. மனிதர்கள் இந்தப் புதிரை எப்படி விடுவிக்கிறார்கள் என்பதிலேயே உளவியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. விதிகளைப் படிப்படியாகப் பொருத்துகிறார்கள் என்று 1989இல் லான்ஸ் ரிப்ஸ் வாதிட்டார். மனதில் நிலைமைகளைக் காட்சியாகக் கட்டிப் பார்க்கிறார்கள் என்று அடுத்த ஆண்டே ஜான்சன் லேர்டும் ரூத் பர்னும் மறுத்தார்கள். எந்தத் திறமையை அளக்கிறோம் என்பதே தெளிவாகாத கருவியை வைத்து வேலைக்கு ஆள் பொறுக்குவது சரியில்லை. பின்வரிசைப் பெண் கேட்டதுபோல முன்நிபந்தனையையே கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அந்தத் தேர்வில் பூஜ்யம்தான் கிடைக்கும்.

தேர்வறையிலிருந்து இந்தத் தீவை எடுத்துவிடலாம். வகுப்பறையிலிருந்து எடுக்கக் கூடாது. புதிர் போடும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விடை வந்ததும் கைதட்டி முடித்துவிடாதீர்கள். இந்தத் தீவில் எது நம் ஊர்போல இல்லை என்று ஒரு கேள்வி போடுங்கள். அதற்கு வரும் பதில்களை அவசரப்படாமல் கேளுங்கள்.