புலம்பல் உண்டு, புறப்பாடு எங்கே?

யூதர் வீட்டுப் பஸ்கா இரவில் கேள்வி கேட்பது கடைக்குட்டிதான். இந்த இரவுக்கு என்ன விசேஷம் என்று அது கேட்கும். எகிப்தை விட்டு வெளியேறிய கதையைப் பெரியவர்கள் ‘ஹகதா’ நூலை வைத்து வாசித்தும் பாடியும் விடை சொல்வார்கள். அதே பஸ்கா, கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்ந்து நெல்லைச் சீமைக்கு வந்தபோது வீட்டை விட்டுக் கோயிலுக்குப் போய்விட்டது. கேள்வி குறைந்தது, அழுகை கூடியது.

அழுகை என்று லேசாகச் சொல்லிவிடக் கூடாது. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும்போது, ஐரோப்பிய மெட்டில் வரும் பாமாலையைவிடக் கீர்த்தனைதான் சபையைக் கட்டிப் போடுகிறது. பல்லவியைத் திரும்பப் பாட எழுத்தறிவு வேண்டியதில்லை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சைக்குப் போன வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் வளர்த்த வழி அது.

கவிஞர் கிருஷ்ணபிள்ளை (1827–1900) இன்னும் மேலே போனார். கரையிருப்பு வைணவ வேளாளர் வீட்டுப் பிள்ளை. 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் பனியனின் யாத்திரைக் கதையைத் தழுவி 1894இல் வந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ கம்பனின் நடையில் நடக்கிறது. அதன் இரட்சணிய சரிதப் படலம் கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழ்க் காப்பியத்துக்குரிய கம்பீரத்தோடு சொல்கிறது. ஆனால் உரை இல்லாமல் இதை எத்தனை பேர் படிப்பார்கள்? இடையே வரும் தேவாரங்கள்தான் பாடகரின் தொண்டைக்கு எட்டுகின்றன.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. யாத்திரிகமும் ஒரு புறப்பாட்டுக் கதைதான். ஆனால் பனியனின் நாயகன் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். வேதாகமத்தின் யாத்திராகமத்தில் ஒரு ஜனமே, வீடு வீடாக, பிள்ளைகளோடு கிளம்புகிறது. அப்படிக் கிளம்பியவர்கள் இந்த மண்ணிலேயே உண்டு. துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்காக 1799இல் சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டில் முதலூர் உண்டானது. ஊர்ப்பெயரே வரலாறு சொல்கிறது. அமெரிக்காவில் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் மோசேயையும் பார்வோனையும் தங்கள் கதையாக்கிப் பாடினார்கள். இங்கேயோ, புனித வாரப் பாட்டில் பார்வோனுக்கு இடமில்லை. பாவம் மனசுக்குள் இருக்கிறது. ஊரில் அடித்தவன் பாட்டுக்கு வெளியே தப்பித்து நிற்கிறான். இதற்குக் கீர்த்தனையின் இசையைக் குறை சொல்ல முடியாது. நொண்டிச்சிந்தும் வழிநடைச்சிந்தும் உள்ள தமிழில், நடந்துபோன கூட்டத்தைப் பாட மெட்டுக்கா பஞ்சம்?

பெரிய வியாழன் இராப்போஜனத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். முதலூருக்கு முன்னோர் ஏன் வந்தார்கள் என்று அந்த இரவில் அவர்களைக் கேட்கவிட்டால், பதில் சொல்லப் பெரியவர்கள் புதிதாகப் பாட்டுக் கட்ட வேண்டியிருக்கும்.