இறங்கிய நேரம்

இறந்துபோன உறவினரைப் பற்றி எழுத உட்காரும்போது நாம் எல்லோரும் ஒரு சலுகையை எடுத்துக்கொள்கிறோம். ரத்த பந்தம் இருக்கிறது, ஆகவே அவருக்காகப் பேசலாம் என்பது அந்தச் சலுகை. எழுத்தில் இது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்க்க, நம் பக்கத்தில் அதிகம் அறியப்படாத ஒரு நூல் வகையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் போய்த் திரும்பாத ஒரு மாமாவையோ பெரியப்பாவையோ, அவரோடு போன மற்றவர்களையும் தேடி, மருமகனோ பேத்தியோ எழுதுகிற புத்தகம். இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சொந்தச் செலவில் அச்சிட்டவை. விமர்சகர்கள் இவற்றைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பது என் கட்சி.

பாம்பர் கமாண்டில் விமானமேறியவர்கள் சுமார் 1,25,000 பேர். மாண்டவர்கள் 55,573. ஒரு லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர்: விமானி, எஞ்ஜினீயர், வழி கணிப்பவர், குண்டுக்குக் குறி பார்ப்பவர், வயர்லெஸ்காரர், முதுகிலும் வாலிலும் ஒவ்வொரு துப்பாக்கிக்காரர். உடல் கிடைக்காத விமானப் படையினருக்காக ரன்னிமீடில் 1953-ல் திறக்கப்பட்ட நினைவகத்தில் 20,000-க்கு மேற்பட்ட பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

தேடுகிறவர் எப்படியும் வந்து சேரும் இடம் ஸ்குவாட்ரனின் தினசரிப் பதிவேடு. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. விமானத்தின் எண், ஏழு பெயர்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்த விவரம். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் காலியாக இருக்கும். விவரம் என்ற இடத்தில், கிளம்பிய பின் தகவல் இல்லை என்கிற தோரணையில் ஒரு வரி. எழுதியவர் ஒரு குமாஸ்தா. தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இந்த நூல்கள் கெட்டுப்போவது அந்தக் காலியிடத்தில்தான். அதுவரை ஆசிரியர் பொறுமையானவர். தந்தியை, பயிற்சிக் கால மதிப்பெண்களை, அந்த இரவின் மேகமூட்டத்தைக்கூடச் சரிபார்த்துத் தருகிறார். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று மாமாவின் தலைக்குள் நுழைந்துவிடுகிறார். வால் கூண்டில் மாமா குளிரில் விரல்களை அசைக்கிறார், அம்மாவை நினைக்கிறார், கறுப்பு நிழல் ஒன்றைக் காண்கிறார், ஒலிவாங்கியில் எச்சரிக்கிறார், பிறகு நெருப்பு. இதை யார் கேட்டது? ஏழு பேரும் இறந்துவிட்டார்கள் என்று முன் பக்கத்தில் சொன்னவரும் இதே ஆசிரியர்தான்.

அன்பினால் செய்தது என்று மன்னிக்கலாம். ஆனால் பொய் தகவலில் மட்டும் இல்லை. அனுபவத்தின் தன்மையிலேயே இருக்கிறது. 1943-ன் பிற்பகுதியிலிருந்து ஜெர்மன் இரவு விமானங்கள் சிலவற்றில் துப்பாக்கிகள் மேல்நோக்கிச் சாய்வாகப் பொருத்தப்பட்டன. 'ஷ்ரேகெ மூஸிக்' என்று அதற்குப் பெயர். பெரும்பாலான லங்காஸ்டர்களின் வயிற்றுப் பக்கம் காவல் கிடையாது. எதிரி அடியில் ஒண்டி வந்து, இறக்கையிலுள்ள எண்ணெய்த் தொட்டியைச் சுட்டான். பலர் தங்களைத் தாக்கியது எது என்று அறியாமலே செத்தார்கள். தூரத்தில் ஒரு விமானம் வெடிப்பதைப் பார்த்த மற்ற விமானத்தவர்கள், அது தங்களைப் பயமுறுத்த ஜெர்மானியர்கள் விட்ட போலி வெடி என்று நம்பினார்கள். 'சோளக்கொல்லைப் பொம்மை' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அப்படியொரு வெடி இருக்கவே இல்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் தம் சகாக்களின் சாவு. பக்கத்தில் பறந்தவனுக்கே தெரியாத ஒன்றை, இன்று நூலகத்தில் கற்ற விவரத்தைக்கொண்டு மருமகன் மாமாவின் கண்ணில் பொருத்துகிறார். மாமாவின் சாவிலிருந்த இருட்டு, அந்த அறியாமை, அதோடு போயிற்று. அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அப்படியானால் கற்பனைக்கே இடமில்லையா என்று கேட்கலாம். ராண்டல் ஜாரெல் 1945-ல் வெளியிட்ட ஐந்து வரிக் கவிதையில், விமானத்தின் அடிவயிற்றுக் கூண்டிலிருந்த துப்பாக்கிக்காரன் செத்த பிறகு பேசுகிறான். ஜாரெல் போரில் பறந்தவரல்ல. அமெரிக்காவிலேயே பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். இருந்தும் அந்தக் குரல் நம்மை உறுத்துவதில்லை. காரணம், அவனுக்குப் பெயர் இல்லை. எவனுடைய சாவையும் எடுத்துக்கொள்ளாமல் சாவைச் சிருஷ்டித்திருக்கிறார்.

லென் டெய்ட்டன் 1970-ல் எழுதிய 'பாம்பர்' நாவல் இன்னும் தெளிவானது. ஒரு விமானத்தின் கடைசிப் பறப்பும் அன்றைய குண்டுவீச்சும் ஒரு நாள் கணக்கில் மணிவாரியாகச் சொல்லப்படுகின்றன. எஞ்ஜின், ராடார், குண்டின் வகை எல்லாவற்றிலும் அசுரத்தனமான நுணுக்கம். ஆனால் நாள் 1943 ஜூன் 31. காலண்டரில் அப்படி ஒரு தேதி இல்லை. குண்டு விழும் ஆல்ட்கார்ட்டன் என்ற ஊரும் இல்லை. இதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு இது ஒரு சத்தியப் பிரமாணமாகப் படுகிறது. இது யாருக்கும் நடக்கவில்லை, ஆகவே எல்லாவற்றையும் சொல்ல எனக்கு அனுமதி உண்டு என்கிறார் டெய்ட்டன். உண்மைத் தேதியையும் உண்மைப் பெயரையும் வைத்துக்கொண்டு அதே அனுமதியை எடுப்பவருக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மைல்ஸ் ட்ரிப் 1969-ல் எழுதிய 'எட்டாவது பயணி' மறுகோடி. அவர் லங்காஸ்டரில் குறி பார்த்தவர், உயிரோடு திரும்பியவர். தான் உட்கார்ந்திருந்த விமானத்தைப் பற்றி எழுதவே அவர் பழைய சகாக்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவனுக்கே இந்த அடக்கம்.

இன்னொரு காலியிடமும் உண்டு. பதிவேடுகளில் குண்டுகளின் எடை இருக்கும். குடும்ப நூல்கள் அதை இறாத்தல் கணக்கில் ஒப்பாக நகல் எடுத்துத் தருகின்றன. அது எங்கே விழுந்தது என்று கேட்பதில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். டெய்ட்டன் ஊருக்குள் இறங்கித் தெருத்தெருவாக நடக்கிறார். மருமகன் 18,000 அடி உயரத்திலேயே இருந்துவிடுகிறார். மாமாவின் மனசுக்குள் போக முடிந்த கற்பனை, விமானத்துக்குக் கீழே போக மறுக்கிறது. அப்போது அதற்குக் கற்பனை என்ற பெயர் பொருந்தாது. குடும்பப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் முதன்முதலில் சேர்ந்த 35-ஆவது ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மதராஸ் பிரஸிடென்ஸி' என்ற பெயரும் ஒட்டியிருந்தது. அந்தப் பதிவேட்டின் தலைப்பில் நம் ஊரும் இருக்கிறது. ஆனால் என் காரணம் அதுவல்ல. நம் தாத்தாக்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய கடைசி மூச்சுக்கு வசனம் எழுதுகிற பழக்கம் நம்மிடமும் உண்டு. அதைக் கனிவு என்று பாராட்டுகிறோம்.

யுத்தம் முடிந்தபின், காணாமல் போனவர்களைத் தேட பிரிட்டிஷ் விமானப் படை தனிக் குழுக்களை ஐரோப்பா முழுக்க அனுப்பியது. பெயரில்லாத குழிகளைத் தோண்டினார்கள். முகம் போயிருந்தது. மோதிரத்தைப் பார்த்தார்கள், சட்டையிலிருந்த சலவைக் குறியைப் பார்த்தார்கள். அது பொருந்தினால் பெயர் எழுதினார்கள். பொருந்தாதபோது, ஒரு விமானப் படை வீரன் என்று மட்டும் கல்லில் வெட்டினார்கள். உறவினர்கள் எழுதும் புத்தகங்களில் இந்தக் கல்லுக்கு நிகரான ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எப்போதாவது ஒன்று கிடைக்கிறது.