கிளையும் வட்டமும்

சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்ணைக் கணவன் அடிக்கிறான். காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல் அலைக்கழிக்கிறார்கள். இலங்கையின் மட்டக்களப்பில் இன்னொரு பெண்ணுக்கும் இதே கதி என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கட்சி கிடையாது. யாரிடம் போவார்கள்? முற்போக்கு அரசியலில் பெண்கள் ஒன்றுசேரும் விதம் இந்தியாவில் எப்படி, இலங்கையில் எப்படி என்பதற்கு இந்தக் கேள்வியே நல்ல தொடக்கம்.

ஆதம்பாக்கத்துப் பெண்ணுக்கு மாதர் சங்கம் இருக்கிறது. கே.பி.ஜானகியம்மாள், பாப்பா உமாநாத் போன்றோர் 1973இல் தமிழ்நாட்டில் கட்டிய ஜனநாயக மாதர் சங்கத்தின் வழியில், 1981இல் சென்னையில் கூடிய மாநாட்டில் அகில இந்திய அமைப்பு பிறந்தது. அடியில் கிளை, அதன்மேல் பகுதி, மாவட்டம், மாநிலம் என்று குழுக்கள். ஆண்டுதோறும் வீடு வீடாக உறுப்பினர் பதிவு. ரேஷன், குடிநீர், வரதட்சணை என்று எந்தக் குறையோடு வந்தாலும், வந்தவள் நாளை வேறொருத்திக்காகக் காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

இந்தக் கட்டமைப்பின் பலம் அதன் நீண்ட மூச்சு. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மாதர் சங்கத் தலைவர் மைதிலி சிவராமன் அதைத் தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம்வரை கொண்டுபோனார். 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது ஆண்டுகள் சாட்சிகளைக் கலையவிடாமல் காத்ததில், மார்க்சிஸ்ட் கட்சி, பழங்குடி மக்கள் சங்கம், மாதர் சங்கம் மூன்றுக்கும் பங்குண்டு. தனியாள் எவராலும் ஆகிற காரியமல்ல அது.

இலங்கையிலும் தொடக்கம் கட்சியோடுதான். 1940களின் இறுதியில் விவியன் குணவர்தன, டொரீன் விக்கிரமசிங்க போன்ற இடதுசாரிப் பெண்கள் ஐக்கிய மாதர் முன்னணியை அமைத்தார்கள். கட்சிகளின் பிளவில் அது நிலைக்கவில்லை. பிறகு தமிழ்ப் பகுதிகளில் பெண்கள் வேறு வழியில் சேர்ந்தார்கள். 1984இல் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டபோது, யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி கச்சேரிக்கு (மாவட்ட அரசு அலுவலகத்துக்கு) ஊர்வலம் போனது. 1986இல் கிழக்கில், டெலோ என்ற இன்னொரு போராளி இயக்கத்தினரை விடுதலைப் புலிகள் கொல்வதைத் தடுக்கப் பெண்கள் உலக்கையோடு தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. மட்டக்களப்புப் பெண் இன்று போகக்கூடிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும், 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பெண்களுக்காக உருவானதே.

இப்படித் தாமாகச் சேர்ந்த வட்டங்களுக்கு மேலிடம் இல்லை. அதனால்தான் அரசின் துப்பாக்கியையும், தம் பக்கத்துத் துப்பாக்கியையும் ஒரே குரலில் கண்டிக்க முடிந்தது. கிளை அமைப்பில் அந்தச் சுதந்திரம் எளிதல்ல. ஆனால் வட்டங்களுக்குப் பாதுகாப்பும் இல்லை. எல்லாத் தரப்பின் வன்முறையையும் விமர்சித்த, யாழ்ப்பாணப் பெண்களின் முயற்சிகளோடு நெருங்கியிருந்த ரஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்த தாய்மார், ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் குரலைச் சபைக்குள் எடுத்துச்செல்ல உறுதியான அமைப்பு பின்னால் இல்லை.

பதவி என்று வரும்போது, சட்டம் ஒதுக்கிய இடத்தில் இந்தியாவே முன்னே. ஆதம்பாக்கம் அடங்கிய சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. இலங்கையில் உள்ளாட்சி ஒதுக்கீடு 25 சதவீதமே. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் காட்சி தலைகீழாகிறது. 2021இல் தமிழக சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள்தான் வந்தார்கள். இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் அனுப்பிய நால்வரில் ஒரு பெண்கூட இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கிய கால்களுக்கு வேட்பாளர் பட்டியலில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. இலங்கையில் தேசிய மக்கள் சக்தி தேர்தலுக்கு முன்பே பெண்களை மாவட்ட வாரியாகத் திரட்டி மாநாடுகள் நடத்தியது. 2024 நவம்பரில் 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் போனார்கள். அவர்களில் மலையகத் தமிழ்ப் பெண்களான அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும் உண்டு. பெண்கள் இயக்கங்களோடு பழகிய ஹரிணி அமரசூரிய மீண்டும் பிரதமரானார். அங்கும் நாடாளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் முந்தைய நாடாளுமன்றத்தைவிடக் கணிசமாகக் கூடுதல்.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகே என்ற நிபந்தனையோடு வந்தது. அதற்காகக் கட்சிகள் காத்திருக்கத் தேவையில்லை. மாதர் சங்கங்கள் உறுப்பினர் பதிவைப் போலவே வேட்பாளர் பட்டியலையும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தம் கட்சியிடம் கணக்குக் கேட்கும் துணிவை ஈழத்து வட்டங்களிடம் கற்க வேண்டும். அந்த வட்டங்களோ, நிதி உதவி தரும் நிறுவனங்களை நம்பாமல் சந்தாவும் கிளையும் கொண்ட அமைப்பாக வளர வேண்டும். கேள்வி கேட்கும் வட்டமும் தாங்கி நிற்கும் கிளையும் ஒரே அமைப்பில் சேராதவரை, பெண்கள் ஊர்வலத்துக்குத்தான் அழைக்கப்படுவார்கள். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அல்ல.