15 நாளில் ஒரு பாழ் மாளிகை

இயக்குநர் முர்னாவின் ‘டாபு’ (1931) படத்துக்காக ஒளிப்பதிவில் ஆஸ்கர் வாங்கியவர் ஃப்ளாய்ட் க்ராஸ்பி. 1952-இல் ‘ஹை நூன்’ படத்தின் வெளிறிய வானத்தையும் வறண்ட வெயிலையும் பதிவு செய்தவரும் அவரே. இரண்டே ஆண்டு கழித்து, ரோஜர் கார்மன் சொற்பக் காசில் தயாரித்த ‘மான்ஸ்டர் ஃப்ரம் தி ஓஷன் ஃப்ளோர்’ என்ற கடற்பூதப் படத்துக்குக் கேமரா பிடித்தார். இதை வீழ்ச்சியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

க்ராஸ்பி தொழில் பழகியது ஸ்டுடியோவுக்குள் அல்ல. ‘டாபு’ தென்கடல் தீவுகளின் வெயிலில் எடுக்கப்பட்டது. பிறகு பேர் லோரென்ட்ஸின் ‘தி ரிவர்’ போன்ற ஆவணப் படங்கள். போர்க்காலத்தில் விமானப் பயிற்சிப் படங்கள். சிறிய குழு, கிடைத்த வெளிச்சம், இரண்டாம் முறை எடுக்க வாய்ப்பில்லாத காட்சி: இவை அவருக்குப் பழகிப்போனவை. கார்மனுக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பழக்கம்தான்.

அதன் முழுப் பலன் கார்மனின் ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’ (1960). 15 நாள் படப்பிடிப்பு, ஏறத்தாழ 3 லட்சம் டாலர் செலவு. கலை இயக்குநர் டேனியல் ஹாலர் வேறு ஸ்டுடியோக்களின் பழைய செட் துண்டுகளை வாங்கிவந்து மாளிகை எழுப்பினார். அகலத்திரை, அதுவும் வண்ணத்தில். ஒட்டுப்போட்ட சுவரென்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். க்ராஸ்பி அகலக்கோண லென்ஸால் அறைகளை நீட்டினார், ஓரங்களை நிழலில் விட்டார், கேமராவை நகர்த்திக்கொண்டே இருந்தார். ஹாலிவுட் குன்றுகளில் காட்டுத்தீ என்று கேள்விப்பட்ட கார்மன் அங்கே குழுவோடு போய், கருகிய மரங்களுக்கிடையே நாயகன் குதிரையில் வரும் தொடக்கக் காட்சியை எடுத்துவந்தார். எந்த செட்டும் தரமுடியாத சாவுக்களை அந்தச் சாம்பல் மண்ணில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த ‘தி பிட் அண்ட் தி பெண்டுலம்’ இன்னும் துணிச்சலானது: நினைவுக்காட்சிகளில் நிறத்தையே மாற்றி, ஓரங்களை உருக்குலைத்தார்கள்.

சொற்பச் செலவில் ஒளியையும் நிழலையும் வைத்தே மிரட்டும் இந்த மரபு க்ராஸ்பியோடு தொடங்கவில்லை. ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தின் நீச்சல்குளக் காட்சியில் நிக்கோலஸ் முசுராகா சுவரில் ஆடும் நீரொளியையும் நிழலையும் வைத்தே அச்சமூட்டினார். அந்தக் காட்சியில் சிறுத்தை கண்ணில் படுவதே இல்லை. ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் செலவும் 3 லட்சம் டாலரை ஒட்டியதுதான். அதில் டீன் கண்டி, நாயகி லாரியின் பின்னால் இருட்டிலிருந்து கொலையாளியின் வெள்ளை முகமூடி மெல்லத் தோன்றுவதற்குச் செலவிட்டது ஒரு சிறு விளக்கையும் ஒரு டிம்மரையும் மட்டுமே. திகில் சினிமாவில் இதைவிடச் சிக்கனமான ஷாட்டை நான் பார்த்ததில்லை. அதே கண்டி 15 ஆண்டுகளில் ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். க்ராஸ்பி போன பாதைக்கு நேர் எதிர்த் திசை.

கார்மனுக்கு 2009-இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான விருது. க்ராஸ்பியையோ இன்று பலரும் பாடகர் டேவிட் க்ராஸ்பியின் தந்தை என்றே அறிகிறார்கள். ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’ படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, ஒரு பத்து நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டு வெளிச்சம் எங்கெங்கே விழாமல் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.