மலையேறும் சின்ன செடான்
காரவள்ளியில் ஏற்றம் தொடங்கி சோளக்காட்டை எட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். டிசையர் மாதிரியான சின்ன செடானின் அருமை தெரிய வேண்டுமா? கொல்லிமலைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு மீட்டருக்குள் அடங்கிய உடம்பு. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹாரன் கொடுத்து, ஸ்டீயரிங்கை நிதானமாக ஒடித்தால், ரிவர்ஸ் எடுக்கும் பேச்சே இல்லாமல் ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் இன்ஜின் சத்தம் தெளிவாகக் கேட்கும். திணறுவதற்கு முன் மெல்லிய முனகல் ஒன்று வரும். அதைக் கேட்டதும் கியரை மாற்றும் காது பழகப் பழகத்தான் வாய்க்கும்.

இறக்கத்துக்கு இன்னும் பொறுமை தேவை. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், கீழ் கியரின் பிடியில் வண்டியை விடுகிற ஓட்டுநர்களின் பக்குவம் அழகு. பிரேக் கருகும் வாடையே இராது. பின்சீட்டில் மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும், ஆள் நிறைந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். உண்மைதான். ஆனால் துணிப்பைகளுக்கு நடுவே முழுப் பலாப்பழம் ஒன்றும் மிளகுப் பையும் தாராளமாக உட்காரும் டிக்கி, இந்த விலைக் காரில் பெரிய விஷயம்.